மூன்றாம் அட்டவணையை முன்னால் கொண்டுவாருங்கள்: ஐ.நா. மனித மேம்பாட்டு அறிக்கை அலுவலகத்துக்கு ஒரு திறந்த மடல்

நியூயார்க்கில் உட்கார்ந்து மனித மேம்பாட்டு அறிக்கை தயாரிக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். நான் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிறவள் இல்லை, எந்த ஆய்வு நிறுவனத்திலும் இல்லை. நாலு வருஷம் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்திருக்கிறேன், அவ்வளவுதான். பெரும்பாலும் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராமங்கள், நடுவில் ஒரு ஆறு மாதம் சென்னை. கையில் ஒரு டேப்லெட், தோளில் பை, பைக்குள் தண்ணீர் பாட்டில், அடையாள அட்டை, குழந்தைகளை எடை போடும் மெஷின். உங்கள் அறிக்கையின் பின்பக்கங்களில் வரிசை வரிசையாக வரும் தசம எண்களில் பாதிக்கு மேல் எங்கேயோ என்னை மாதிரி ஒருத்தி யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்ட கேள்வியில்தான் ஆரம்பிக்கின்றன. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

2025 மே மாதம் உங்கள் அறிக்கை வெளியான அன்றைக்கு இங்கே செய்தி இப்படி ஓடியது: ஆயுள், படிப்பு, வருமானம் மூன்றையும் கலந்து நாட்டுக்கு நாடு போடும் மனித மேம்பாட்டுக் குறியீட்டில், 193 நாடுகளில் இந்தியாவுக்கு 130-வது இடம், மதிப்பு 0.685, இன்னும் கொஞ்சம் ஏறி 0.700-ஐத் தொட்டால் 'உயர் மனித மேம்பாடு' என்ற வகுப்புக்குள் போய்விடலாம். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வீடு மாதிரி இருந்தது. ஆளுங்கட்சிக்காரர் ஏறியதைச் சொன்னார், எதிர்க்கட்சிக்காரர் பக்கத்து நாடுகளின் மார்க்கைச் சொன்னார், நெறியாளர் விளம்பர இடைவேளைக்குப் போனார்.

அதே அறிக்கையில் மூன்றாவது அட்டவணை என்று ஒன்று இருக்கிறதே, அதை அன்றைக்கு நான் பார்த்த எந்தச் சேனலும் திறந்து பார்க்கவில்லை. ஏற்றத்தாழ்வைக் கழித்த பிறகு மீதி எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டு வைத்திருக்கிறீர்கள். இந்தியாவுக்கு அது 0.475. அதாவது 30.7 சதவீதம் கழிவு, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. 0.550-க்குக் கீழே இருந்தால் 'குறைந்த மனித மேம்பாடு' என்பது நீங்கள் வகுத்த படி. 'உயர்' வாசலில் நிற்கிறது என்று ஊரெல்லாம் சொன்ன நாடு, நாலு பக்கம் தள்ளிப் பார்த்தால் கீழ்ப்படியில் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் படிகள் சராசரி மதிப்புக்காகப் போட்டவை, கழித்த மதிப்பை அதில் பொருத்துவது முறையில்லை என்று சொல்வீர்கள், சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கழிவு எல்லா நாட்டுக்கும் ஒரே அளவா? 0.972 வாங்கி முதலிடத்தில் இருக்கும் ஐஸ்லாந்துக்கும் அடுத்து நிற்கும் நார்வேக்கும் அது பத்து சதவீதத்துக்குள்தான். தென்னாப்பிரிக்காவுக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே. இருக்கிறவர்களிடம் கொஞ்சமாகவும் இல்லாதவர்களிடம் நிறையவும் போகிற இந்தக் கழிவை நீங்கள் ஏன் பின்பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

இந்தக் கழிவு எப்படி வருகிறது என்று ஒரு வீட்டை வைத்துச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் இந்த மடலை மற்றவர்களும் படிப்பார்கள்.

தர்மபுரி மாவட்டத்தில் மலையடிவாரத்துக் கிராமம் ஒன்று. புளிக்காலம். அந்த அம்மா வாசலில் கோணி விரித்துப் புளி தட்டிக்கொண்டிருந்தார். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையைத் தட்டி எடுத்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. வயது ஐம்பத்திரண்டு என்று ரேஷன் கார்டு சொன்னது, அவருக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. விரல் இடுக்கெல்லாம் புளி அப்பியிருந்ததால் என் பேனாவைத் தொடமாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

"பள்ளிக்கூடம் போயிருக்கீங்களாம்மா?"

"எங்க கண்ணு, அப்புறம் ஆடு யாரு மேய்க்கறது?"

டேப்பில் 'இல்லை' என்பதை அழுத்தினேன். அதை அழுத்தினால் 'எத்தனாவது வரைக்கும்' என்ற அடுத்த கேள்வி வராது, தானாகவே தாவி வீட்டிலிருக்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அடுத்த ஆள் மகன். இருபத்தேழு வயது, பி.எஸ்சி. கணிதம், ஓசூரில் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை. பன்னிரண்டும் மூன்றும் பதினைந்து வருஷப் படிப்பு.

அம்மாவுக்கு 0, மகனுக்கு 15. சராசரி ஏழரை. உங்கள் அறிக்கைப்படி இந்தியாவில் 25 வயதைத் தாண்டியவர்களின் சராசரிப் படிப்பு 6.9 வருஷம். ஆக, அந்த வீடு தேசிய சராசரியைவிட மேலே! புளிக்கூலிக்கு உட்கார்ந்திருக்கிற அந்த அம்மாவிடம் இதைச் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று இப்போதும் யோசிப்பேன்.

ஏற்றத்தாழ்வுக் கணக்குக்கு நீங்கள் கூட்டுச் சராசரியை விட்டுவிட்டுப் பெருக்குச் சராசரி எடுக்கிறீர்கள். கூட்டி வகுப்பதற்குப் பதில், எல்லாவற்றையும் பெருக்கி அதற்கு மூலம் எடுப்பது, இரண்டு பேர் என்றால் வர்க்கமூலம். அது நல்ல வழி, ஏனென்றால் கீழே இருப்பவர் எவ்வளவு கீழே இருக்கிறார் என்பது அதில் உறைக்கும். ஆனால் இங்கே ஒரு சிக்கல். பூஜ்யத்தால் பெருக்கினால் மொத்தமும் பூஜ்யம். அந்த ஒரு அம்மா போதும், இந்தியாவே பூஜ்யம் ஆகிவிடும். அதனால் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று உங்கள் தொழில்நுட்பக் குறிப்பில் சின்ன எழுத்தில் இருக்கிறது: எல்லோருக்கும் ஒரு வருஷம் கூட்டிக்கொள்கிறீர்கள். அம்மாவுக்கு 1, மகனுக்கு 16. கூட்டுச் சராசரி 8.5, பெருக்குச் சராசரி 4. பாதிக்கு மேல் கழிவு. ஏழு வருஷம் படித்த ஒருவரும் எட்டு வருஷம் படித்த ஒருவரும் பக்கத்து வீட்டில் இருந்தால் அங்கேயும் சராசரி அதே 8.5 வரும், கழிவு என்று சொல்ல ஒன்றுமே இருக்காது.

அந்த ஒரு வருஷம் கணக்குக்குத் தேவை என்று புரிகிறது. கோபம் கிடையாது. ஆனால் நான் 'இல்லை' என்று அழுத்திய ஒரு பொம்பளைக்கு நியூயார்க் போய்ச் சேருவதற்குள் ஒரு வருஷப் படிப்பு கிடைத்திருக்கிறது, அந்தச் செய்தி அவருக்கு வரவில்லை.

இது கீழ்முனை. மேல்முனையில் என்ன நடக்கிறது என்பது இன்னும் சுவாரசியம்.

சென்னையில் ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு அடுக்குமாடி வளாகம் என் பட்டியலில் வந்தது. கேட்டில் செக்யூரிட்டி அண்ணன் மடக்கினார். "அசோசியேஷன் செகரட்டரி லெட்டர் இருந்தாதான் உள்ள விடுவேன்மா, என் வேலை போயிரும்." பாவம், அவர் சொல்வதும் சரிதான். செகரட்டரிக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. ஒரு வீட்டுக்கு மூன்று தடவை போய்ப் பார்க்க வேண்டும் என்பது எங்களுக்கு விதி, நான் நாலு தடவை போனேன். நாலாவது தடவை உள்ளே விட்டார்கள், ஆறு வீட்டில் ஒரு வீடு மட்டும் கதவைத் திறந்தது, திறந்தது வீட்டு வேலை செய்யும் அக்கா. மற்றதெல்லாம் 'பூட்டியிருந்தது' அல்லது 'பதில் சொல்ல மறுத்துவிட்டார்கள்'. மலையடிவாரத்தில் நான் ஒரு வீட்டைக்கூட அப்படிக் குறித்ததில்லை. அங்கே டீ போட்டுக் கொடுத்து, பக்கத்து வீட்டு ஆளையும் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். கேள்விக்குப் பதில் சொல்லும் வழக்கம் ஏழைகளுக்குத்தான் இருக்கிறது, பணக்காரர்களை யாரும் போய்க் கேட்டுப் பழக்கப்படுத்தவில்லை.

சரி, எப்படியோ சில பணக்கார வீடுகள் கணக்கில் வந்துவிட்டன என்று வையுங்கள். வருமானக் கணக்கில் நீங்கள் உச்சியிலிருக்கும் 0.5 சதவீதத்தை வெட்டிவிடுகிறீர்கள். மிகப் பெரிய வருமானங்கள் கணக்கை இழுத்துவிடக் கூடாது என்று. அதோடு வருமானம் பூஜ்யமாகவோ மைனஸாகவோ இருப்பவர்களுக்கு, அடிமட்டத்தில் இருக்கும் ஒரு சின்னத் தொகையைப் போட்டு நிரப்புகிறீர்கள். எங்கள் நாட்டு மக்கள்தொகைக்கு 0.5 சதவீதம் என்றால் எழுபது லட்சம் பேர்! ஏற்றத்தாழ்வை அளக்கப் போகிறோம் என்று கிளம்பி, இல்லாதவனுக்குக் கொஞ்சம் ஊட்டி, இருக்கிறவன் தலையைக் கொஞ்சம் சீவி, அப்புறம் நடுவில் அளவுநாடாவைப் பிடிக்கிறீர்கள். அப்படிச் சீவிய பிறகும் 30.7 சதவீதம் கழிகிறது என்றால் சீவாமல் அளந்தால் எவ்வளவு? புள்ளியியல் படித்தவர்கள் இதற்கு நல்ல காரணங்கள் சொல்வார்கள், சர்வேயில் உச்சி எண்கள் நம்பத் தகுந்தவை இல்லை, நாட்டுக்கு நாடு ஒப்பிட முடியாது என்று. எல்லாம் சரி. ஆனால் இரண்டு கணக்கையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டு, வெட்டியது இவ்வளவு என்று காட்டுவதில் என்ன நஷ்டம்?

இன்னொன்று, எனக்கு இதுதான் ரொம்ப நாளாக உறுத்துவது. புளி தட்டிய அந்த அம்மாவுக்கு முதல் குழந்தை ஏழு மாதத்தில் இறந்துவிட்டது. காய்ச்சல், பஸ் இல்லை, பெரியாஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது. இதை அவர் நான் கேட்காமலே சொன்னார், கேள்வி அதற்கு நாலு பக்கம் தள்ளித்தான் வரவேண்டும். அந்த மாதிரிக் குழந்தைச் சாவு உங்கள் கணக்கில் ஆயுள் அட்டவணைக்குள் போகிறது. அம்மாவின் படிப்பு வேறொரு சர்வேயிலிருந்து படிப்புக் கணக்குக்குப் போகிறது. நூறு நாள் வேலையும் புளிக்கூலியும் இன்னொரு வழியாக வருமானக் கணக்குக்குப் போகின்றன. மூன்றும் தனித்தனியாகக் கழிக்கப்பட்டு, கடைசியில் பெருக்கிக் கலக்கப்படுகின்றன. படிக்காதவளும், குழந்தையைப் பறிகொடுத்தவளும், கையில் காசில்லாதவளும் ஒரே ஆள் என்பது அந்தத் தசம எண்ணுக்குத் தெரியாது. மூன்று கஷ்டமும் மூன்று வேறு வீடுகளில் இருந்தாலும் அதே 0.475-தான் வரும். இந்தக் குறை இருப்பது உங்களுக்கே தெரியும், நீங்களே எழுதியும் வைத்திருக்கிறீர்கள். தரவு ஒரே இடத்திலிருந்து வராததுதான் காரணம்.

ஒரே வீட்டில் எத்தனை கஷ்டம் சேர்ந்திருக்கிறது என்று பார்க்கும் பல்பரிமாண வறுமைக் குறியீட்டை 2010-லிருந்து ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்களோடு சேர்ந்து வெளியிட்டும் வருகிறீர்கள். விறகு அடுப்பா, கழிப்பறை உண்டா, தண்ணீர் எவ்வளவு தூரம் என்று பத்து விஷயம் பார்ப்பது. அதில் இந்தியா நிஜமாகவே நல்ல பெயர் வாங்கியது, 2005-06-க்கும் 2019-21-க்கும் நடுவில் 41.5 கோடிப் பேர் அந்த வறுமையிலிருந்து வெளியே வந்திருக்கிறார்கள். இதை நான் சும்மா ஒப்புக்குச் சொல்லவில்லை. 1990-ல் 58.6 வருஷமாக இருந்த ஆயுள் 2023-ல் 72 ஆகியிருக்கிறது, அந்த அம்மாவுக்கு அடுத்துப் பிறந்த மூன்று பிள்ளைகளும் உயிரோடு இருக்கிறார்கள். ஆனால் அந்தக் குறியீட்டிலும் குழந்தைச் சாவு என்றால் கடைசி ஐந்து வருஷத்துக்குள் நடந்திருந்தால்தான் சேரும். அவருடைய சோகத்துக்குக் காலாவதி ஆகிவிட்டது.

மனித மேம்பாட்டுக் குறியீட்டை ஆரம்பித்தவர்கள் இருவரும் நம்ம பக்கத்து ஆட்கள் என்பதில் எனக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. பாகிஸ்தானின் நிதியமைச்சராக இருந்த மெஹ்பூபுல் ஹக், அவருடைய கேம்பிரிட்ஜ் கால நண்பர் அமர்த்தியா சென். இத்தனை விஷயத்தை ஒரே எண்ணில் அடைப்பதில் சென்னுக்கு முதலில் இஷ்டமில்லை. மொத்த உற்பத்தி என்ற முரட்டு எண்ணை எதிர்க்க, அதே அளவு முரட்டுத்தனமான, ஆனால் அந்த அளவுக்குக் குருடாக இல்லாத ஒரு எண் வேண்டும் என்பது ஹக்கின் வாதம். 1990-ல் முதல் அறிக்கை வந்தது. ஹக் சொன்னது பலித்தது, ஒற்றை எண்ணைத்தான் உலகம் படித்தது. அதனால்தான் சொல்கிறேன், எந்த ஒற்றை எண்ணை முன்னால் வைக்கிறீர்கள் என்பதில் எல்லாமே இருக்கிறது. ஏற்றத்தாழ்வைக் கழித்த எண்ணை 2010-லேயே கண்டுபிடித்துவிட்டு, பதினைந்து வருஷமாகப் பின்கட்டில் உட்கார வைத்திருக்கிறீர்கள்.

முன்னால் கொண்டுவந்தால் என்ன மாறும் என்று கேட்கலாம். மறுபடியும் அந்த வீட்டுக்கே வாருங்கள். அரசாங்கத்திடம் ஐந்து வருஷப் படிப்புக்குக் காசு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மகனை பிஎச்.டி. வரை படிக்க வைக்கலாம், அவனுக்கு 15 வருஷம் 20 ஆகும். இல்லையென்றால் அந்த அம்மா சின்ன வயதில் ஆடு மேய்க்கப் போகாமல் ஐந்தாம் வகுப்பு வரை படித்திருக்கலாம், 0 ஐந்தாகும். உங்கள் முதல் அட்டவணைக்கு இரண்டும் ஒன்றுதான், இரண்டு வழியிலும் சராசரி ஏழரையிலிருந்து பத்தாகும். ஏற்றத்தாழ்வுக் கணக்கில் போட்டுப் பாருங்கள். மகனுக்குக் கொடுத்தால் பெருக்குச் சராசரி 4-லிருந்து 4.6 வரை நகரும். அம்மாவுக்குக் கொடுத்தால் 9.8! ரேங்க் மேலே பைத்தியமாக இருக்கிற அமைச்சர்களும் செயலாளர்களும் எந்த நாட்டில்தான் இல்லை? அவர்கள் துரத்தும் எண்ணை நீங்கள் மாற்றினால், அடுத்த பள்ளிக்கூடம் எந்த ஊரில் கட்டப்படும் என்பதும் மாறும். உங்கள் கையில் பட்ஜெட் இல்லை, படை இல்லை, ஒரு அட்டவணை இருக்கிறது. அதன் வரிசையை மாற்றச் சொல்கிறேன்.

பல நாடுகளுக்குத் தரவே இல்லை, அதனால்தான் அதை வைத்துத் தரவரிசை போட முடியவில்லை என்பீர்கள். இல்லாத நாட்டுக்குக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். காலிக் கட்டத்தைப் பார்த்து அந்த நாட்டுக்காரர்கள் அவர்கள் அரசாங்கத்தைக் கேட்கட்டும். எங்கள் கதையே எடுத்துக்கொள்ளுங்களேன், கடைசியாக மக்கள்தொகை எடுத்தது 2011-ல், 2021-ல் எடுத்திருக்க வேண்டியது இப்போது 2027-க்குப் போயிருக்கிறது. நாங்கள் தெருத்தெருவாகத் தேடிப் போன பட்டியலே பழசு, சில தெருக்கள் பட்டியலில் இல்லை, சில பட்டியலில் மட்டும்தான் இருந்தன.

அட்டவணையில் ஒரு பிரிவினருக்குத் தனியாக ஒரு பத்தி போட்டுப் பார்த்தால் என்ன தெரியும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இலங்கையைவிட நல்ல உதாரணம் இல்லை. உங்கள் 2025 அறிக்கையில் இலங்கை 0.776, 'உயர்' வகுப்பு, எங்களைவிட 41 இடம் மேலே. 1945-லேயே இலவசக் கல்வி, ஊர் ஊருக்கு அரசு மருத்துவமனை, ஏழை நாடாக இருந்துகொண்டே இவ்வளவு சாதித்த நாடு என்று வளர்ச்சிப் பொருளாதாரக்காரர்கள் அரைநூற்றாண்டாகப் பாராட்டும் நாடு. பாராட்டில் பொய்யில்லை. ஆனால் அதே நாட்டில்தான் பிரிட்டிஷ்காரர்கள் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிக்கொண்டுபோன தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயன் வீடுகளில் இருந்தார்கள். 1948 குடியுரிமைச் சட்டத்தில் லட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். அந்த இலவசக் கல்வி எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் வரவில்லை, தோட்டப் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டதே 1970-களில்தான். இந்தக் கதை சராசரியில் எங்கேயும் தெரியாது, ஏனென்றால் அவர்கள் எண்ணிக்கையில் குறைவு, நாட்டின் சராசரியை அசைக்கும் அளவுக்கு இல்லை.

ஆனால் இலங்கைப் புள்ளிவிவரத் துறை ஒரு நல்ல காரியம் செய்தது. நகரம், கிராமம் என்று இரண்டோடு நிறுத்தாமல் தோட்டத்துறை என்று மூன்றாவதாக ஒரு பத்தி வைத்தது. 2019 வீட்டு வருமானக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க வறுமை 14.3 சதவீதம், நகரத்தில் 6, கிராமத்தில் 15, தோட்டத்தில் 33.8. அந்த ஒரு பத்தி இல்லாவிட்டால் 14.3 என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அந்தத் தோட்டத் தமிழர்களான மலையகத்துக்காரர்கள் இன்றைக்கு வீடு, காணி, சம்பளம் என்று பேசும்போது அந்த 33.8-ஐக் கையில் வைத்துக்கொண்டு பேச முடிகிறது.

எங்கள் நாட்டுக்கும் அப்படிப் பத்திகள் உண்டு. கேரளத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 77 சதவீதம் பேர் பத்து வருஷமாவது படித்திருக்கிறார்கள், பிஹாரில் 28.8 சதவீதம், இது 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்வது. மத்தியப் பிரதேசத்தில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 43 ஒரு வயதுக்குள் இறந்தபோது கேரளத்தில் இறந்தது 6, இது 2020 கணக்கு. இவை இரண்டும் ஒரே 0.685-க்குள் இருக்கின்றன. மாநிலத்தைப் பிரிக்கலாம், மாவட்டத்தைப் பிரிக்கலாம், சாதியைப் பிரிக்கலாம். கடைசியாகச் சொன்னதைப் பிரிக்கும்போது இங்கே எல்லோருக்கும் திடீரென்று வேலை வந்துவிடும், அது வேறு கதை.

இதைச் சரிசெய்ய வழி தெரியாமல் யாரும் திண்டாடவில்லை. தெரிந்த வழிகள் பழசு, சாப்பாட்டு வாசனை அடிப்பவை. இங்கே 1956-ல் காமராஜர் மதிய உணவைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார், 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார், 2001-ல் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கச் சமைத்த சாப்பாடு போடச் சொன்னது, 2022-ல் தமிழ்நாட்டில் காலைச் சாப்பாடும் வந்தது. நான் எடை மெஷினோடு போன ஒரு தொடக்கப் பள்ளியில் காலை எட்டேகாலுக்குக் கிச்சடி வாளி வந்து இறங்கும்போது வகுப்பில் யார் யார் வீட்டில் சாப்பிடாமல் வந்தவர்கள் என்று எந்தச் சர்வேயும் இல்லாமல் தெரிந்தது, வாளிப் பக்கம் தலை திரும்பிய வேகத்திலேயே. பிரேசில் 2003-ல் போல்சா ஃபமிலியா ஆரம்பித்தது, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு, தடுப்பூசி போடு, பணம் பெரும்பாலும் அம்மா பெயரில் வரும். இவை எல்லாம் பூஜ்யத்தில் இருப்பவரை முதலில் தொடும் திட்டங்கள். உங்கள் முதல் அட்டவணையில் இவற்றுக்குப் பெரிய மார்க் கிடையாது, மூன்றாவதில் கிடைக்கும்.

நாட்டுக்குள் இருப்பதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் அது பணக்கார நாடுகளுக்கு வசதியாகிவிடும். உங்கள் 2019 அறிக்கையில் வந்த ஒரு கணக்கு என் மனசை விட்டுப் போகவே இல்லை. 2000-ல் பிறந்த குழந்தைகளை எடுத்துக்கொண்டீர்கள். மிக உயர்ந்த மேம்பாட்டு நாடுகளில் பிறந்ததில் பாதிக்கு மேல் இருபது வயதில் கல்லூரியில் இருக்கும், குறைந்த மேம்பாட்டு நாடுகளில் பிறந்ததில் 3 சதவீதம் இருக்கும், அங்கே 17 சதவீதம் இருபது வயதைப் பார்க்காமலே போயிருக்கும், மேலே உள்ள நாடுகளில் அது 1 சதவீதம். தானாகக் குறையும் என்று சொல்லிக்கொண்டிருந்த இந்த இடைவெளி நாலாவது வருஷமாகக் கூடிக்கொண்டிருக்கிறது என்று 2025 அறிக்கையில் நீங்களே எழுதினீர்கள். ஜெனிவாவில் இருக்கும் உங்கள் சொந்தக்காரர்களான ஐ.நா. வர்த்தக வளர்ச்சி அமைப்பு 2024-ல் சொன்னது, 330 கோடிப் பேர் வாழும் நாடுகள் படிப்புக்கோ மருத்துவத்துக்கோ செலவழிப்பதைவிட அதிகமாகக் கடனுக்கு வட்டி கட்டுகின்றன என்று. எங்கள் ஊரில் இதற்குக் கந்துவட்டி என்று பெயர், போலீஸில் புகார் கொடுக்கலாம், கொடுத்தால் சில சமயம் எடுத்துக்கொள்வார்கள். தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை ஏழை நாடுகளுக்குத் தருவோம் என்று ஐ.நா. சபையில் 1970-ல் இலக்கு வைத்தார்கள், 2024-ல் தந்தது 0.33 சதவீதம்.

அதனால் ஒரு நாட்டின் மதிப்புக்குப் பக்கத்தில் அந்த நாடு கட்டும் வட்டியையும், பணக்கார நாடாக இருந்தால் அது வாக்குக் கொடுத்துத் தராமல் வைத்திருக்கும் பாக்கியையும் போடுங்களேன். நார்வேக்குப் பிரச்சினை இருக்காது, அவர்கள் 0.7-க்கு மேலேயே கொடுப்பவர்கள். மற்றவர்கள் கொஞ்சம் நெளியட்டும்.

நான் கேட்பது இதுதான், பெரிய விஷயம் எதுவும் இல்லை. அடுத்த அறிக்கையில் ஏற்றத்தாழ்வு கழித்த எண்ணை முதல் அட்டவணையாக்கி, பத்திரிகைக்காரர்களுக்குக் கொடுக்கும் முதல் காகிதத்தில் அந்த வரிசையைப் போடுங்கள். சராசரியைப் பின்னால் வையுங்கள், வேண்டுமென்பவர்கள் தேடிப் பார்க்கட்டும். ஒரு வருஷம் கூட்டியதையும் உச்சி வெட்டியதையும் அடிக்குறிப்பிலிருந்து எடுத்து அதே பக்கத்தில் எழுதுங்கள், பள்ளிக்கே போகாதவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்று ஒரு பத்தி பக்கத்திலேயே வரட்டும். அப்புறம் ஒரே ஒரு நாட்டுக்காவது, எந்த நாடாக இருந்தாலும் பரவாயில்லை, வெட்டாமல் போட்ட கணக்கை வெளியிடுங்கள்.

அந்த அம்மா நான் டேப்பை மூடும்போது கேட்டார், "இதெல்லாம் எழுதி எங்க கண்ணு அனுப்புவீங்க?" "மேல அனுப்புவோம்மா" என்றேன். எத்தனை மேலே என்று அன்றைக்கு எனக்கே தெரியாது. அவர் ஒரு கைப்பிடி கொட்டை எடுத்த புளியைத் தினத்தாளில் மடித்துக் கொடுத்தார். கூலிக்குத் தட்டுகிற புளி, எடை குறைந்தால் அவர் கணக்கில்தான் பிடிப்பார்கள் என்று தெரிந்தும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பதில் எழுதினால் தமிழிலேயே எழுதலாம், அங்கே யாராவது நம்ம ஆள் இருப்பார்.

இப்படிக்கு,
முன்னாள் கணக்கெடுப்புக்காரி ஒருத்தி,
தர்மபுரி